காரைக்குடி வெயிலில் சிஓ2 குளிர்சாதனம்: புதிதாகக் கற்பவர்களுக்கு

சித்திரை மாத மதியம் இரண்டு மணிக்குக் காரைக்குடியில் ஏதாவது ஒரு பெரிய மளிகைக் கடையின் மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். உள்ளே இழுத்த சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் விசிறிக் காற்று முகத்தில் அறையும். கீழே பால், ஐஸ்கிரீம், மீன் கெடாமல் இருப்பது அந்த மாடியின் தயவில்தான். சிஓ2, அதாவது கரியமில வாயுவை ஓடவிட்டுக் குளிரவைக்கும் கணக்கையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

ஏன் இந்த கேஸ்? ஆர்404ஏ என்ற குளிர்சாதன கேஸ் ஒரு கிலோ கசிந்தால் 3,922 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். சிஓ2வுக்கு அந்த எண் வெறும் 1. தீப்பிடிக்கவும் செய்யாது.

முதல் வேலை, மாடியில் யூனிட் உட்காரப்போகும் இடத்திலேயே நிழலில் வெப்பமானி மாட்டி ஒரு வாரம் பாருங்கள். 31 டிகிரிக்கு மேல் சிஓ2வை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. நம் ஊரில் கோடைப் பகலில் அதற்கு மேல்தான். அதனால் இங்கே, கேஸைத் திரவமாக்க வேண்டிய கண்டென்சருக்குப் பெயரே மாறி ‘கேஸ் கூலர்’ ஆகிவிடுகிறது. கேஸை 90, 100 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) கொண்டுபோய்ச் சூட்டை இறக்கி, வால்வு வழியாக 35 பார் தொட்டிக்கு விடுவார்கள். அங்கே கொஞ்சம் திரவம், மீதி ஆவி. அந்த ஆவியைத் திரும்ப அழுத்தும் வேலையில்தான் கரண்ட் பில் எகிறுகிறது.

அடுத்து, எந்த அமைப்பு என்று முடிவு செய்யுங்கள். புதியவர்களுக்கு என் ஓட்டு கேஸ்கேடுக்கு: குளிர்ப் பக்கம் சிஓ2, வெயில் பக்கம் வேறொரு கேஸ். சிஓ2 வெயிலையே பார்க்காது, அழுத்தம் 30 பார் அளவில் அடங்கும். முழுக்க சிஓ2தான் வேண்டுமென்றால் கேஸ் கூலருக்கு முன்னால் ஈரப் பேட் வையுங்கள். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிக்கும் அதே வித்தைதான். உப்புத் தண்ணீர் விட்டால் பேட் வெள்ளை பூத்துவிடும். முற்றத்து மழையை அண்டாவில் பிடித்த ஊர் இது; மாடி மழைநீருக்கு ஒரு தொட்டி கட்டுங்கள்.

குழாய்: உயர் அழுத்தப் பக்கத்துக்குச் சாதாரண ஏசி தாமிரக் குழாய் தாங்காது. இரும்பு கலந்த தாமிரம் அல்லது ஸ்டீல்.

கேஸ் ஏற்றுவதில்தான் நான் சூடுபட்டேன். குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி வேக்கம் போட்ட கையோடு திரவ வால்வைத் திறந்தேன். இரண்டே நொடியில் ஹோஸ் வெள்ளைப் பொடியாக அடைத்துக்கொண்டது. 5.2 பாருக்குக் கீழே சிஓ2 திரவமாக நிற்காது, உலர்பனியாகிவிடும். முதலில் ஆவியை விட்டு அழுத்தத்தை அதற்கு மேல் நன்றாக ஏற்றுங்கள், பிறகு திரவம். சோடாக் கடை சிலிண்டரை இரவல் வாங்காதீர்கள். ஈரம் இருந்தால் வால்வில் பனி கட்டும், அமிலமாகிக் குழாயையும் அரிக்கும்.

கரண்ட் போனால்? நின்ற யூனிட்டில் சிஓ2 சூடேறி அழுத்தம் கூடிக்கொண்டே போகும். சேஃப்டி வால்வு திறந்து கேஸ் வானத்துக்குப் போகும். ஜெனரேட்டரில் ஓடும் ஒரு குட்டி யூனிட் சிஓ2 தொட்டியைக் குளிரவைத்தால் போதும்.

கடைசியாக, கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார். இந்த கேஸுக்கு வாசனை கிடையாது, காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். கோல்ட் ரூமுக்குள் முழங்கால் உயரத்தில் மாட்டி, 5,000 பிபிஎம்மில் (காற்றில் பத்து லட்சத்தில் 5,000 பங்கு) அலாரம் வையுங்கள். விளக்கும் மணியும் கதவுக்கு வெளியேயும் இருக்கட்டும். மீன் பெட்டி எடுக்க வரும் பையன் திறக்கும் முன்பே பார்க்க வேண்டும்.