மொறிஸ் மைனருக்குப் பலமான றிம் தேடுவது எப்படி?

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் கார் 1961ஆம் ஆண்டு மொடல். போன மாரி முடிந்ததும் முன் இடப்பக்கச் சில்லைக் கழற்றிக் கழுவினேன். நட் துளை ஒன்றிலிருந்து தலைமயிர் தடிப்பில் ஒரு கோடு போயிருந்தது. சேறு என்று நினைத்து விரலால் தேய்த்தேன், போகவில்லை. வெடிப்பு.

மைனர் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட கார். கடைசியாக வந்ததற்கே அரை நூற்றாண்டுக்கு மேல் வயது. போதாததற்கு எங்கள் யாழ்ப்பாணத்து உப்புக்காற்று. கடலுக்குக் குறுக்கே போகும் பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் அடிக்கடி போய்வரும் கார் என்றால், றிம்மின் வெளிப்பக்கம் பெயின்ற் மினுங்கிக்கொண்டிருக்கும், ரயருக்குள் மறைந்திருக்கும் பக்கம் கறள் தின்றிருக்கும். அதனால் முதலில் இருப்பதைச் சோதியுங்கள், அப்புறம் புதியதைத் தேடலாம்.

படி 1: மண்ணெண்ணெய்ச் சோதனை

ரயரையும் ரியூப்பையும் கழற்றிவிட்டு றிம்மைக் கம்பித் தூரிகையால் உரசுங்கள். நட் துளைகளைச் சுற்றியும், நடுத்தட்டு வெளி வளையத்தோடு சேரும் இடத்திலும் மண்ணெண்ணெயைத் தாராளமாகப் பூசி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு துணியால் நன்றாகத் துடைத்து, சோக்கைப் பொடியாக்கி மேலே பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே ஊறிய மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைச் சோக்கில் ஈரக் கோடாகத் தெரியும். தொண்ணூறுகளில் இதே கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. ஸ்ராட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல், மிச்சமெல்லாம் மண்ணெண்ணெய். இப்போது சோதனைக்கு ஒரு கோப்பை போதும்.

துளைகள் வட்டமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நட் இளகிய நிலையில் ஓடிய றிம்மில் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். வெடித்ததையும் முட்டையானதையும் ஒட்டிப் பாவிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் தன்மையே மாறிவிடும், அடுத்த வெடிப்பு ஒட்டின் ஓரத்திலிருந்துதான் கிளம்பும்.

படி 2: அளவெடுத்தல்

பொறுமை வேண்டியது இங்கேதான். "பலமான றிம் வேணும்" என்று கேட்டால் தடிப்பானதாகக் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். கடை ஒன்றில், "தம்பி, நாலு துளைதானே, இது உங்கட காருக்குப் போகும்" என்று நல்ல கனமான அலோய் றிம் ஒன்றைத் தந்தார்கள். போட்டுப் பார்த்தேன், நான்கு நட்டும் ஏறின. சாவகச்சேரி தாண்ட ஸ்ரியறிங் நடுங்கத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால் இரண்டு நட் கையாலேயே சுழன்றன.

காரணம் 1.6 மில்லிமீற்றர். நட் துளைகளின் நடுப்புள்ளிகள் எல்லாவற்றையும் தொட்டு ஒரு வட்டம் கீறுவதாக நினையுங்கள். மைனரில் அந்த வட்டத்தின் விட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். பிற்கால ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றில் அது 100 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இறுக்கும்போது ஸ்ரட் (நட் ஏறுகிற புரியாணி) ஒவ்வொன்றும் சற்று உள்நோக்கி வளையும், நட்டின் கூம்பு ஒரு பக்கத்தில் மட்டும் அழுத்தும். ஓட ஓட இளகும். வளைந்து வளைந்து ஒரு நாள் ஸ்ரட்டே முறியும். பொருந்தாத தடிச்ச றிம்மைவிட பொருந்துகிற மெல்லிய றிம் எவ்வளவோ பலம்.

நான்கு துளை றிம்மில் இதை அளப்பது லேசு. ஒரு துளையின் உள்விளிம்பிலிருந்து நேரெதிர்த் துளையின் வெளிவிளிம்பு வரை அளவுங்கள். துளைகள் ஒரே பருமனாக இருந்தால் அதுவே நடுவிலிருந்து நடு. நாடா போதாது, வேணியர் இடுக்கிமானி வேண்டும். நாடாவால் 100ஐயும் 101.6ஐயும் பிரித்தறிய முடியாது.

அடுத்தது ஆழம். றிம்மை முகம் கீழாகத் தரையில் வைத்து, பின்விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வையுங்கள். சட்டத்திலிருந்து, பிரேக் றம்மோடு ஒட்டும் தட்டு வரை எவ்வளவு என்று அளவுங்கள். பழைய றிம்மின் ஆழத்தையும் அகலத்தையும் ஒரு கடதாசியில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். புது றிம் ஒரு அங்குலம் அகலமாக இருந்தால், அது உள்ளே அரை, வெளியே அரை என்று பிரிந்து போகவேண்டும். எல்லாம் வெளிப்பக்கமாகப் போனால் பின் மட்காட்டில் உரசும், முன்பக்க பெயரிங்குகளுக்கும் சுமை கூடும்.

நடுத்துளையையும் பாருங்கள். றம்மின் நடுவில் துருத்தும் பகுதி தடையில்லாமல் உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான்.

படி 3: தேடும் இடங்கள்

அதே 101.6 அளவில் வந்த பழைய கார்கள் சில உண்டு: ஒஸ்ரின் ஏ35, எம்ஜி மிட்ஜெற், மொறிஸ் மரீனா. இவற்றின் சில்லுகள் 13 அங்குலம், மைனருடையது 14. பழைய மினியும் இதே துளை அளவுதான், ஆனால் 10 அங்குலச் சில்லு, அது நமக்கு ஆகாது. மிட்ஜெற்றின் பிந்திய மொடல்களில் வந்த நான்கரை அங்குல அகல இரும்பு றிம்மை மைனர்க்காரர்கள் விரும்பிப் போடுவார்கள். மைனரின் றிம் மூன்றரை அங்குலந்தான்.

யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதி உதிரிப்பாகக் கடைகளில் கேளுங்கள். கேட்டுவிட்டு, பழைய கார் வைத்திருக்கும் பெரியவர்களையும் கேளுங்கள். அவர்களுடைய வீட்டுக் கோடிக்குள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிற றிம் சிலவேளை கடையில் உள்ளதைவிட நல்லது. கொழும்புக்குப் போகிறவர்கள் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் செலவழிக்கலாம், இடுக்கிமானியோடு.

என்னைக் கேட்டால் முதல் தெரிவு வேறு. மைனருக்கென்றே 14 அங்குலத்தில், சற்று அகலமாகப் புதிதாகச் செய்த இரும்பு றிம்களை இங்கிலாந்தில் விற்கிறார்கள். லண்டனில் ஒரு சித்தப்பாவோ மச்சானோ இல்லாத வீடு இங்கே குறைவு. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவரிடம் சொக்லேற்றுக்குப் பதில் இரண்டு றிம் கேட்டுப் பாருங்கள். என் மாமா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார், ஆனால் கொண்டுவந்தார்.

படி 4: ரயர்க் கணக்கு

மைனருக்கு ஆதியில் வந்தது 5.00-14 ரயர், பிறகு 5.20-14. இன்றைய 155/80 ஆர் 14 ஏறத்தாழ அந்த 5.20இன் உயரம், 604 மில்லிமீற்றர். ஆனால் 155 (மில்லிமீற்றர் அகல) ரயருக்கு 4 அங்குலமாவது அகலமான றிம் வேண்டும். பழைய மூன்றரை அங்குல றிம்மோடு நிற்கிறவர்கள் 145 போடுவதே சரி.

13 அங்குல றிம்மும் 155/80 ரயரும் என்றால் உயரம் 578 மில்லிமீற்றர். கார் 13 மில்லிமீற்றர் பதியும், வேகமானி 60 என்று காட்டும்போது உண்மையில் 57 அல்லது 58இல்தான் போவீர்கள். மழைக்காலத்தில் ஒழுங்கைக் கிடங்குகளுக்குள் அந்த 13 மில்லிமீற்றரின் அருமை தெரியும்.

ரயரின் பக்கத்தில் உள்ள சுமை எண்ணையும் பாருங்கள். 79 என்றால் ஒரு ரயர் 437 கிலோ தாங்கும், மைனருக்குத் தாராளம். பழைய றிம்மில் ரியூப் இல்லாத ரயரை அப்படியே போடாதீர்கள். ரயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் திட்டு அதில் இல்லை. ரியூப் போடுங்கள்.

படி 5: பூட்டுதல்

நட்டின் கூம்பில் விளக்குக் கரி தடவி, கையால் துளைக்குள் வைத்துத் திருகி எடுங்கள். துளையில் முழு வட்டமாகக் கரி படிந்திருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்த நட் அந்த றிம்முக்கு உரியது அல்ல. மைனரின் ஸ்ரட் எட்டில் மூன்று அங்குலப் பருமன், அங்குலத்துக்கு 24 புரி. நட் குறைந்தது 9 சுற்று ஏறவேண்டும். தடித்த அலோய் றிம்மில் இது பெரும்பாலும் குறையும், அப்போது நீளமான ஸ்ரட் போட்டே ஆகவேண்டும்.

றம்மோடு ஒட்டும் முகத்தில் பெயின்ற் தடிப்பாக இருந்தால் சுரண்டிவிடுங்கள். ஓட்டத்தில் பெயின்ற் நசுங்கும், நட் இளகும். கூம்புக்குக் கிறீஸ் பூசவேண்டாம்.

காரை ஜக்கில் தூக்கியபடி எதிரெதிர் நட்டுகளாக இறுக்குங்கள். சில்லைச் சுழற்றி, ஒரு ஆணியை விளிம்புக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். இடைவெளி இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் கூடிக் குறைந்தால் றிம் நெளிந்தது, கடைக்கே திருப்பிக் கொடுங்கள். சரியாக இருந்தால் கீழே இறக்கி, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கு ஸ்பானரால் இறுக்குங்கள். ஸ்பானரில் ஏறி நின்று மிதிக்கிற வேலை வேண்டாம்.

பிறகு பருத்தித்துறைக்கு ஒரு ஓட்டம். போய்வர 65 கிலோமீற்றர் வரும். வீட்டுக்கு வந்து, சூடு ஆறியதும் நான்கு சில்லுகளின் நட்டுகளையும் திரும்ப இறுக்குங்கள்.

வெடித்த பழைய றிம்மை அப்படியே பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கவேண்டாம். கிரைண்டரால் குறுக்கே ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அது வெள்ளிப் பெயின்ற்றோடு ஒரு கடை வாசலில் தொங்கும், வாங்க நானே போய் நிற்பேன்.