கும்பகோணத்தில் ஒரு வார இறுதி: எங்கே கோட்டை விடுகிறோம்?

சனிக்கிழமை காலை கும்பகோணத்தில் வந்து இறங்கிய கையோடு வேன் பேசுகிற குடும்பங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஞாயிறு இரவு இவர்கள் என்ன கோலத்தில் ஊர் திரும்புவார்கள் என்று. முதல் நாள் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதும், மறுநாள் உள்ளூர்க் கோயில்கள் முடிந்தவரை, போகிற வழியில் தாராசுரம், திரும்பும்போது பட்டுப் புடவை. "ரிலாக்ஸா ரெண்டு நாள்" என்று வீட்டில் சொல்லிக் கிளம்பியவர்கள்தான் இவர்களும்.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே அமைந்த ஊர் இது. 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டாலும், பழைய ஊரை இன்னமும் காலால் நடந்தே சுற்றிவிடலாம். வருகிறவர்கள் செய்யும் தவறுகள் பலவகைப்பட்டாலும் வேர் ஒன்றுதான். ஊருக்கென்று ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. அதைக் கேட்டுக்கொள்ளாமல் நம் பட்டியலை அதன் தலையில் கட்டப் பார்க்கிறோம்.

முதலில் அந்த ஒன்பது தல யாத்திரை. திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம். கீழப்பெரும்பள்ளமும் திருவெண்காடும் கிழக்கே பூம்புகாரை ஒட்டியவை. திருநள்ளாறு காரைக்கால் வட்டாரத்தில், புதுச்சேரி மாநில எல்லைக்குள். இத்தனையையும் நடை சாத்துவதற்குள் பாதி, மாலை நடை திறந்தபின் மீதி என்று பிடிக்க வேண்டும். விளைவு, சன்னிதியில் நிற்கும் நேரத்தைவிட வேனில் உட்கார்ந்திருக்கும் நேரம் பல மடங்கு. வேண்டுதல் உள்ளவர்கள் செய்யட்டும், அது வேறு கணக்கு. ஓய்வுக்காக வந்தவர்கள் ஆடுதுறைப் பக்கம் அருகருகே இருக்கும் சூரியனார்கோயில், கஞ்சனூர் இரண்டோடு நிறுத்திக்கொண்டால் ஒரு காலைப்பொழுதுக்கு அதுவே தாராளம்.

அடுத்தது மதிய வேளை. இங்கே பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி மாலை நான்கு வாக்கில்தான் திறக்கும். வெளியூர்க்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஆனாலும் பத்து மணிக்கு எழுந்து, குளித்து, சிற்றுண்டி முடித்துப் பதினொன்றரைக்குக் கோயில் வாசலில் வந்து நிற்பார்கள். உள்ளே ஓட்டமும் நடையுமாக ஒரு தரிசனம். வெளியே வந்தால், பிராகாரத்துக் கருங்கல் தரை உள்ளங்காலைப் பொசுக்குகிறது. அதன்பிறகு நான்கு மணிவரை என்ன செய்வதென்று தெரியாமல் காரில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளூர்க்காரர் ஆறு மணிக்கே கோயிலுக்குப் போய்விட்டு, மதியம் சாப்பிட்டுத் தூங்குகிறார். வெயில் ஊரான டெல்டாவில் பகல் தூக்கம் சோம்பேறித்தனம் அல்ல. இரண்டு நாளில் கிடைக்கும் இரண்டு மதியங்களையும் அறையில் கழிக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

அப்படிப் பகலில் அறைக்குத் திரும்ப வேண்டுமானால் அறை ஊருக்குள் இருக்க வேண்டும். புறவழிச் சாலையிலும் வயல் நடுவிலும் உள்ள விடுதிகளின் படங்களைப் பார்த்து மயங்கி முன்பதிவு செய்பவர்கள், ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்கோ காருக்கோ காத்திருக்கிறார்கள். மகாமகக் குளத்தைச் சுற்றியோ கோயில் வீதிகளை ஒட்டியோ எளிமையான அறை ஒன்று போதும். முகூர்த்த நாளா என்று மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல முகூர்த்தம் விழுந்த வார இறுதியில் ஊரில் அறையும் கிடைக்காது, ஒப்பிலியப்பன் கோயிலில் நிற்க இடமும் கிடைக்காது. அத்தனை கல்யாணங்கள். (அந்தக் கோயிலில் பெருமாளுக்குப் படைப்பது எல்லாமே உப்பில்லாதது. பிரசாதம் வாங்கி வாயில் போட்டுவிட்டு, மடப்பள்ளியில் மறந்துவிட்டார்கள் என்று முணுமுணுக்க வேண்டாம்.)

ஊருக்குள் காரை எடுத்துக்கொண்டு அலைவதும் வீண் வேலை. ராமசாமி கோயிலையும் சக்கரபாணி கோயிலையும் இணைத்து நாயக்கர் காலத்திலேயே ஒரு கடைத்தெரு அமைந்துவிட்டது. அன்றைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர் ஏற்படுத்தியது என்பார்கள். பாத்திரக் கடை, வெற்றிலைக் கடை, சாக்குப் பை இறக்கும் வண்டி என்று நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் காருக்கு இடமில்லை, மனிதருக்கு நிறைய இருக்கிறது. ராமசாமி கோயிலில் தொடங்குங்கள். பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம் ஓவியமாக ஓடுகிறது. கருவறையில் அனுமன் ஒரு கையில் வீணையோடு நிற்கிறார், பலரும் கவனிக்காமலே வந்துவிடுவார்கள். அங்கிருந்து கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே வடக்கே நடந்தால் சக்கரபாணி கோயில். அதைத் தாண்டினால் காவிரிப் படித்துறை. மாலை நேரத்துக்கு இதைவிட நல்ல நடை இந்த ஊரில் இல்லை என்பது என் கட்சி.

சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடியே சன்னிதித் தெருவில் நடப்பவர்கள், அதே தெருவில் உள்ள ஒரு சிறிய ஓட்டு வீட்டைத் தவறவிடுகிறார்கள். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அது. ஈரோட்டில் 1887-இல் பிறந்தவர் என்றாலும் ஆளானது இங்கேதான். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கிப் பராமரிக்கிறது. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல், அதை ஒட்டி ஒரு கட்டில். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். நான் பார்த்தவரை ஐந்து நிமிடத்தில் யாரும் வெளியே வருவதில்லை.

இனி ஆறு. "காவிரி கரைபுரண்டு ஓடும், குழந்தைகளுக்குக் காட்டலாம்" என்று மே மாதக் கோடை விடுமுறையில் வருகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும். ஆற்றில் மணல், கோரை, அங்கங்கே தேங்கிய குட்டை. டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அங்கிருந்து புறப்படும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து, இந்தப் படித்துறைகளைத் தொட மேலும் சில நாட்கள் ஆகும். அணையில் இருப்பு குறைந்த ஆண்டுகளில் அந்தத் தேதியும் தள்ளிப்போகும். 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடிவிடுவார்கள். ஆகவே ஆற்றைப் பார்க்க வருபவர்கள் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதில் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்து தீர்க்கும். வேறு வழியில்லாவிட்டால் மட்டும் வாருங்கள். என்னைக் கேட்டால் மார்கழிதான். விடியும் முன்பே கோயில்கள் திறந்திருக்கும், பகலில் வெயில் கடிக்காது, ஆற்றிலும் பெரும்பாலும் தண்ணீர் இருக்கும்.

ஆடிப் பதினெட்டு அன்று பகவத் படித்துறைக்குப் போனால் வேறொரு காவிரி. காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, பழம், பூ எல்லாவற்றையும் படியில் பரப்பி வைத்துப் பெண்கள் ஆற்றுக்குப் படைப்பார்கள். ஒருவர் கழுத்தில் மற்றவர் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். பார்க்க வேண்டியதுதான். ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி நீந்தப் பார்ப்பது பெரிய தவறு. புதுத்தண்ணீரின் வேகம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. படியில் பாசி வழுக்கும், கடைசிப் படி எங்கே முடிகிறது என்பதும் கலங்கிய நீரில் புலப்படாது. குளிப்பதென்றால் உள்ளூர்க்காரர்கள் எந்தப் படிவரை இறங்குகிறார்களோ அதோடு நில்லுங்கள்.

மகாமகக் குளத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம் கடைசியாக 2016-இல் நடந்தது, அடுத்தது 2028-இல். அந்த நாளின் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குச் சாதாரண சனிக்கிழமையன்று குளம் ஏமாற்றமாகத் தெரியலாம். ஆறேகால் ஏக்கர் பரப்பு, சுற்றிலும் பதினாறு மண்டபங்கள், படியில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சில பெரியவர்கள், அவ்வளவுதான். ஓய்வுக்கு வந்தவர்களுக்கு அதுதானே வேண்டும்?

தாராசுரத்தைப் "போகிற வழியில்" பார்ப்பது இந்தப் பட்டியலிலேயே மோசமான தவறு. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணோடு வந்தால் சிறியதாகத் தோன்றும். தேர் வடிவ மண்டபத்தின் குதிரை முன் நின்று படம் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் கிளம்புகிறவர்கள் அதிகம். இங்கே விஷயம் குனிந்து பார்க்கிற உயரத்தில் இருக்கிறது. கருவறையின் வெளிச்சுவரில் அடிப்பகுதியைச் சுற்றிச் சின்னஞ்சிறு சிற்ப வரிசை ஒன்று வரும்: அறுபத்துமூன்று நாயன்மார்களின் கதைகள். கண்ணப்பர் எங்கே, சுந்தரர் எங்கே என்று தேடிக்கொண்டு போனால் குழந்தைகளுக்கும் பொழுது போகும். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் சிற்பத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆட்டோவில் போய்விடலாம். வெயில் சாய்ந்தபின் போங்கள். சாய்வாக விழும் வெளிச்சத்தில்தான் இந்தப் புடைப்புகள் எழுந்து நிற்கும்.

சுவாமிமலைக்குப் போகிறவர்கள் தமிழ் ஆண்டுகளின் பெயர் தாங்கிய அறுபது படிகளை ஏறி இறங்கியதும் கிளம்பிவிடுகிறார்கள். கீழே சிற்பிகளின் பட்டறைகள் இருப்பது நினைவுக்கு வருவதில்லை. தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால், அந்த அச்சிலிருந்து இரண்டாவது சிலை கிடையாது. அளவெடுக்க ஸ்தபதி கையில் வைத்திருப்பது ஒரு தென்னை ஓலைத் துண்டு. சிலையின் உயரத்துக்கு அதை நறுக்கி, மடித்து மடித்து முகம், மார்பு, இடை என்று தாளம் எனப்படும் சிற்ப அளவுக் கணக்கைக் குறித்துக்கொள்வார். வார்ப்பு தினமும் நடக்காது. போகுமுன் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமையே போய்விடுவது நல்லது. கோயில் வாசலில் "ஐம்பொன்" என்று அவசரமாக விற்பதை வாங்குவதைவிட, சிறியதாக இருந்தாலும் பட்டறையில் ஒன்றைப் பார்த்து வாங்கலாம். வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்கிறவர்கள், அது பழங்காலப் பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

சாப்பாட்டில் பெரிதாகத் தவறு நேர வாய்ப்பில்லை. காபி மட்டும் விதிவிலக்கு. நெடுஞ்சாலை நெடுகிலும் பித்தளை டபராவை அடுக்கி வைத்திருக்கும் "கும்பகோணம் டிகிரி காபி" பலகைகளைப் பார்த்துப் பழகியவர்கள், ஊருக்கு வந்தும் அதே பலகையைத் தேடுகிறார்கள். இங்கே பலகை முக்கியமில்லை. காலை ஆறரைக்கு எந்தக் கடையில் உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டு குடிக்கிறார்களோ அங்கே போங்கள். புது டிகாக்‌ஷனும் அப்போதுதான் காய்ச்சிய பாலும் அங்கேதான் கிடைக்கும். இட்லிக்குக் கடப்பா கேளுங்கள்: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த, சாம்பாரும் இல்லாத குருமாவும் இல்லாத இந்த வட்டாரத்துக் கைப்பக்குவம். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது, முன்கூட்டிக் கேட்டு வைப்பது உத்தமம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொழுந்து வெற்றிலை. 2025-இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது என்பதற்காக அல்ல, அந்த மதியத் தூக்கத்துக்கு அதைவிட நல்ல முன்னுரை கிடையாது என்பதற்காக.

ஞாயிறு மாலையில்தான் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஊருக்குக் கிளம்புமுன் சாவகாசமாகத் திருநாகேசுவரம் போய்வரலாம் என்று நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரை முதல் ஆறு. ராகு தலத்தில் பாலாபிஷேகத்துக்கு எத்தனை கூட்டம் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. பால் நீலமாக மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தால் அதற்கென்றே நேரம் ஒதுக்கி வாருங்கள். அமைதிதான் வேண்டுமென்றால் அந்த நேரத்தில் நாகேசுவரன் கோயிலுக்குப் போகலாம். பெயர் ஒற்றுமையில் குழம்பி ஆட்டோ ஏறிவிட வேண்டாம். இது ஊருக்குள்ளேயே இருக்கிறது. கருவறைச் சுவர் மாடங்களில் முற்காலச் சோழர் கைவண்ணத்தில் ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்கும் ஆண், பெண் உருவங்களின் முன் சற்று நில்லுங்கள். யார் என்று உறுதியாகத் தெரியாத முகங்கள். பல பெரிய கோயில்களின் சிற்பங்களைவிட எனக்கு இவர்கள் பிடிக்கும்.

திரும்பும் டிக்கெட்டைக் கடைசியில் யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, சென்னைக்கு ஞாயிறு இரவுப் படுக்கைகள் சீக்கிரமே தீர்ந்துவிடும். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ஓடும் எல்லா ரயிலும் கும்பகோணம் வராது. அரியலூர் வழியாகக் கார்டு லைனில் போகிறவை இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. மயிலாடுதுறை வழி மெயின் லைன் வண்டியாகப் பார்த்து, உழவன் போன்ற இரவு ரயிலில் போட்டுவையுங்கள். கிடைக்காமல் பஸ்ஸில் போக நேர்ந்தால், அது உங்களை விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். வடசென்னையில் வீடு என்றால் அங்கிருந்து இன்னொரு பயணம் இருக்கிறது. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொல்லி வைத்துவிடுங்கள்.