புயல் நேரத்தில் திருச்சி விமானம்: காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் செய்கிற தவறுகள்

பிள்ளையார் நோன்பு, அறுபதாம் கல்யாணம் என்று சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஊருக்கு வந்தவர்கள் திருச்சி வழியாகத் திரும்புகிற மாதங்களும், வங்கக் கடலில் புயல் கிளம்புகிற மாதங்களும் ஒன்றுதான். அதனால் விமானம் போகுமா, போகாதா என்ற குழப்பம் வருஷா வருஷம் வருகிறது.

முதல் தவறு, முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது. "இங்கே தூறல்கூட இல்லையே, விமானம் ஏன் போகாது?" என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. உங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் அந்த நேரத்தில் சென்னையிலோ சிங்கப்பூரிலோ நிற்கும். அது வந்தால்தான் நீங்கள் போக முடியும். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பர் 4 அன்று சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். அப்படி ஒரு நாள் வந்தால், சென்னையிலிருந்து வர வேண்டிய விமானத்துக்காகத் திருச்சியில் காத்திருப்பவர்களுக்கும் பயணம் இல்லை, அங்கே வெயிலே அடித்தாலும்.

அடுத்தது, மழையைப் பார்த்துப் பயப்படுவது. விமானிகள் அதைவிடக் கவனமாகப் பார்ப்பது காற்றின் திசையை. ஓடுபாதைக்கு நேராக எதிரே அடிக்கிற காற்று விமானத்துக்கு உதவிதான். பக்கவாட்டில் அடித்தால்தான் தொல்லை. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் இந்தக் குறுக்குக் காற்றுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. ஓடுபாதை நனைந்திருந்தால் அந்த அளவை இன்னும் குறைத்துக்கொள்வார்கள். திருச்சி, மதுரை இரண்டிலும் ஓடுபாதை கிழக்கு மேற்காக ஓடுகிறது. நம் பகுதியில் புயல் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சுற்றும். ஆகவே புயல் நமக்கு நேர்கிழக்கே இருக்கும்போது இங்கே வீசுவது வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று. ஓடுபாதைக்குச் சரியான குறுக்கு. அதே புயல் நமக்கு வடக்கே கடந்து போனால் காற்று மேற்கிலிருந்து வரும், ஓடுபாதைக்கு நேராக. அதனால் புயல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று கேட்பது போதாது, எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

"அந்த விமானம் போச்சே, எங்களுடையது ஏன் போகவில்லை?" என்று கவுன்டரில் சண்டை போடுவதும் வீண். விமான வகை வேறு, விமானியின் அனுபவம் வேறு, காற்றும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஃபெஞ்சல் புயல் நாளில், 2024 நவம்பர் 30 அன்று, சென்னையில் இறங்க வந்த ஓர் ஏர்பஸ் ஆடி அசைந்து தரையை நெருங்கி, மறுபடி மேலே ஏறிப்போன வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். விமானி தடுமாறிவிட்டார் என்று பேசினார்கள். என்னைக் கேட்டால், அன்று அவர் செய்ததில் நல்ல முடிவு அதுதான். இறங்குவது சரிப்படாவிட்டால் மேலே ஏறிவிடு என்பது பயிற்சியிலேயே சொல்லித்தரும் பாடம். அதற்குத் தோதாக, சேருமிடம் வரைக்குமான எரிபொருளோடு மாற்று விமான நிலையத்துக்குப் போகவும், அதற்கு மேல் அரை மணி நேரம் பறக்கவும் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். புயல் என்றால் இன்னும் கூடுதலாக. அந்த எரிபொருளால் எடை கூடிப்போனால் சில பெட்டிகள் அடுத்த விமானத்தில் வரலாம். மருந்தும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும். மணகோலம், சீப்புச்சீடை போன்ற பலகாரமெல்லாம் பின்னால் வந்தால் போதும்.

மழை விட்ட பிறகும் விமானம் கிளம்பாமல் இருப்பதுண்டு. விமானிகளுக்கு ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் வேலை என்று சட்டம் இருக்கிறது. காத்திருந்த நேரமும் அதில் சேரும்.

நம் செட்டிநாட்டிலேயே இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம் கிடக்கிறதே, அவசரத்துக்கு அங்கே இறக்கினால் என்ன என்று டீக்கடையில் யாராவது கேட்பார்கள். கைவிடப்பட்ட தளத்தில் விளக்கும் இல்லை, வழிகாட்டும் கோபுரமும் இல்லை. புயல் இரவில் அது வெறும் பொட்டல்.

கடலோரத்துக்குத்தான் ஆபத்து, நாம் உள்ளே இருக்கிறோம் என்று நினைப்பது பெரிய தவறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டுவிட்டு மேற்கே போனது. காரைக்குடியிலிருந்து திருச்சிக்குப் போகிற சாலையும் புதுக்கோட்டை வழிதான். மரம் விழுந்தால் ரெண்டு மணி நேரப் பயணம் எப்போது முடியும் என்று யாரும் சொல்ல முடியாது. காற்று எடுப்பதற்கு முன்பே, பகலில், திருச்சி போய்த் தங்கிவிடுங்கள். அவசரமாக டிக்கெட்டை மதுரைக்கு மாற்றுவதிலும் பெரிய லாபம் இல்லை. பெரும்பாலும் அதே காற்றுதான் அங்கேயும்.

அப்புறம் பணம். பயந்துபோய் நீங்களே டிக்கெட்டை ரத்து செய்தால் கட்டணம் பிடிப்பார்கள். நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணத்தையோ வேறு விமானத்தையோ கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வானிலை காரணம் என்பதால் நஷ்ட ஈடு மட்டும் கிடைக்காது. ஆகவே அவர்கள் சொல்லும்வரை பொறுங்கள். அவர்கள் சொல்வது உங்கள் காதுக்கு வர வேண்டுமே! டிக்கெட்டை ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் அதில் இருப்பது அவருடைய போன் நம்பராக இருக்கலாம். ரத்து செய்தி அவருக்குப் போகும், ராத்திரி அவர் தூங்கிக்கொண்டிருப்பார். முன்கூட்டியே உங்கள் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.