உயிலில் விடுபடும் கிணறும் தடமும்

கொங்கு நாட்டில் ஓர் ஏக்கர் பூமியைக் கிரயம் செய்பவர்கள், கிணற்றில் எத்தனை பங்கு, மின் இணைப்பு யார் பெயரில், வண்டி போய்வரத் தடம் எத்தனை அடி என்பதையெல்லாம் பத்திரத்தில் வரிக்கு வரி பார்த்த பிறகே பணத்தை எண்ணி வைப்பார்கள். அவர்களே உயில் எழுதும்போது, ‘மேற்குத் தோட்டம் மூத்தவனுக்கு, கிழக்குத் தோட்டம் இளையவனுக்கு’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். கிணறு மேற்குத் தோட்டத்தில் இருந்தால் கிழக்கே உள்ள தென்னைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? தந்தை இருக்கும்வரை எழாத இந்தக் கேள்வி, அவருக்குப் பின் அண்ணன் தம்பியை நீதிமன்றத்தில் நிறுத்துகிறது. ஆகவே சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லைகள் ஆகியவற்றோடு, கிணற்றில் யாருக்கு எவ்வளவு பங்கு, மோட்டாரை எந்த முறையில் ஓட்டுவது, குழாய் யார் நிலத்தின் வழியே போவது, வேலிகளுக்கு இடையே செல்லும் வண்டிப் பாதையான இட்டேரி வரை தடப் பாத்தியம் (போய்வரும் உரிமை) யாருக்கு என்பதையும் எழுதியே ஆக வேண்டும். ஆயிரம் அடி துளையிட்டும் நீர் காணாத ஊர்களில், நிலத்தை விடக் கிணற்றுப் பங்கே பெரிய சொத்து.

தமக்கு உரிமையில்லாததையும் சேர்த்து எழுதுவது அடுத்த தவறு. சுயமாகச் சம்பாதித்த சொத்தை விரும்பியவருக்கு எழுதலாம். இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்திலோ தமது பங்கை மட்டுமே எழுத முடியும். ‘பெண்ணுக்கு நகையும் சீரும் செய்தாகிவிட்டது’ என்று சொல்லி அவள் பங்கையும் மகன்களுக்கு எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005ஆம் ஆண்டு வந்த திருத்தச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையைத் தந்திருக்கிறது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. செய்த சீர் அந்த உரிமைக்கு ஈடாகாது.

மனைவியை மறப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ‘பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற நம்பிக்கையில், நாற்பது ஆண்டு பண்ணையம் பார்த்தவளுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. வீட்டில் ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமையையும், விளைச்சலிலோ தறிக்குடோன் வாடகையிலோ ஒரு பகுதியையும் அவர் பெயருக்கு எழுதினால், பிள்ளைகளிடம் கையேந்த வேண்டிய நிலை அவருக்கு வராது.

வங்கிக் கணக்கில் நியமனதாரராக (நாமினி) ஒருவர் பெயர் கொடுத்துவிட்டால் போதும் என்பதும் தவறான எண்ணம். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே; அது சேர வேண்டியது வாரிசுகளுக்கு, உயில் இருந்தால் அதில் குறிப்பிட்டவருக்கு.

உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதியவர் மறைந்த பின் வழக்கு வந்தால், சாட்சிகளில் உயிரோடு இருக்கும் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், தம் வயதையொத்த நண்பர்களையே நிறுத்துவது சரியல்ல; வயதில் இளையவர்களாக, சொத்தில் எந்தப் பங்கும் பெறாதவர்களாகப் பாருங்கள். பதிவு கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் தேவையில்லை. இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். உள்ளடக்கம் யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள், முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அப்படி ஒப்படைத்திருப்பதை மட்டும் வீட்டில் இருவருக்காவது சொல்லி வையுங்கள்.