தாக்குதலுக்குப் பின் வரும் விளக்கங்களை எடைபோடும் முறை

பயங்கரவாதத் தாக்குதல் ஒன்றுக்குச் சொல்லப்படும் காரணங்களை எடைபோடப் பழக, 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் நடந்தது நல்ல பாடம். ஆஸ்லோவின் அரசு அலுவலக வளாகத்தில் வெடித்த குண்டு 8 பேரைக் கொன்றது. அடுத்து, ஊட்டோயா தீவில் தொழிற்கட்சியின் இளைஞர் முகாமில் 69 பேர் கொல்லப்பட்டனர்.

முதலில், விளக்கம் எப்போது சொல்லப்பட்டது என்று பாருங்கள். செய்தவர் யாரென்று தெரியும் முன்பே, ஊடகங்களில் பேசிய வல்லுநர்கள் பலர் அல்-காய்தாவைச் சுட்டினர். பிடிபட்டவரோ ஆஸ்லோவிலேயே வளர்ந்த ஆண்டர்ஸ் பிரெய்விக். முஸ்லிம்களின் குடியேற்றத்தையும், அதற்கு இடங்கொடுத்ததாகத் தொழிற்கட்சியையும் வெறுத்தவர்.

அடுத்து, பெயர் தெரிந்தபின் விளக்கம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். அயலார் என்றால் முழுச் சமூகத்தின்மீதும், நம்மவர் என்றால் தனியொருவரின் மனநோய்மீதும் பழி விழுவது வழக்கம். பிரெய்விக்கை முதலில் ஆய்ந்த இரு மனநல மருத்துவர்கள் அவருக்கு மனச்சிதைவு நோய் என்றனர். பின்னர் ஆய்ந்த இருவர் அதை மறுத்தனர். 2012 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரைச் சித்த சுவாதீனமுள்ளவர் என்றே முடிவுசெய்து, நீட்டிக்கத்தக்க 21 ஆண்டுத் தடுப்புக் காவல் விதித்தது. முதல் அறிக்கையே நிலைத்திருந்தால், இணையத்தில் வெளிப்படையாக உலவிய எந்தெந்த எழுத்துகளிலிருந்து அவர் தம் கொள்கையைத் திரட்டினார் என்று கேட்கப் பலர் மெனக்கெடாமலே போயிருக்கலாம். (பைத்தியம் என்ற முத்திரையை அவரே விரும்பவில்லை என்பது வேறு.)

வறுமையே காரணம் என்று எவரேனும் சொன்னால், அதே வறுமையில் வாழும் கோடிக்கணக்கானோர் ஏன் குண்டு வைப்பதில்லை என்று கேளுங்கள். 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் குண்டுதாரிகளாக வந்தவர்களில் இருவர், கொழும்பின் செல்வந்த வாசனைப்பொருள் வணிகர் ஒருவரின் மகன்கள். மதம், மனநோய் என்னும் காரணங்களுக்கும் இக்கேள்வி பொருந்தும். அதற்காக வறுமையை அடியோடு தள்ளிவிடவும் வேண்டாம்; கூலி கொடுத்து ஆள் சேர்க்கும் ஆயுதக் குழுக்களில் அதற்கும் பங்கு இருக்கக்கூடும்.

கடைசியாக, ஏன் செய்தார் என்பதையும் ஏன் தடுக்க முடியவில்லை என்பதையும் தனித்தனியே வையுங்கள். ஏற்கெனவே முடிவான பாதுகாப்பு ஏற்பாடுகளை நிறைவேற்றியிருந்தால் அரசு வளாகத் தாக்குதலைத் தடுத்திருக்கலாம் என்று நார்வேயின் விசாரணை ஆணையம் 2012இல் கூறியது. வளாகத்தின் வழியே செல்லும் தெருவை மூடாமல் விட்டது, குண்டு அங்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம். குண்டு செய்யத் துணிந்ததற்குக் காரணமன்று.