பாலி, மாலத்தீவுல பூல் வில்லா எடுக்கும்போது நம்ம ஆளுங்க பண்ணுத தப்புகள்

நம்ம குமரி மாவட்டத்துல களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் இப்ப கல்யாணம் முடிஞ்ச கையோட மாலத்தீவு, கல்ஃபுல இருந்து லீவுக்கு வந்த அண்ணன் தம்பிமாரு குடும்பமா சேந்தா பாலின்னு ஆயிப்போச்சு. திருவனந்தபுரம் ஏர்போர்ட் பக்கத்துலயே கெடக்கு, மாலத்தீவு தலைநகர் மாலேக்கு ஒண்ணரை மணி நேரம் கூட ஆவாது, பாலிக்கு கோலாலம்பூரோ சிங்கப்பூரோ மாறிப் போயிரலாம், அதனால டிக்கெட் போடுததுல யாரும் பெருசா ஏமாறுதது இல்ல. வில்லாவுல, அதாவது நமக்குன்னு தனி பூலோட வாடகைக்கு எடுக்குத வீட்டுலதான் மாட்டுதாங்க. போட்டோவுல நீலமா பூலை கண்டதும் மத்த எதையும் பாக்காம பைசாவ கெட்டிருதாங்க, அதாக்கும் காரியம்.

பாலில மொதல்ல பாக்க வேண்டியது மேப். உபுத் மலைப்பக்கம், ஊலுவாட்டு தெக்கு ஓரம், சாங்கு, செமின்யாக் ரெண்டும் மேக்குக் கடற்கரை. உபுத்துல வில்லா எடுத்துட்டு தினமும் பீச்சுக்கு போலாம்னு பிளான் போட்டா ஒரு தடவைக்கே ஒண்ணரை ரெண்டு மணி நேரம் கார்ல போயிரும், அங்க ரோடு நம்ம குழித்துறை ரோட்ட விட அகலம் ஒண்ணும் இல்ல. வில்லாக்காரங்ககிட்ட சரியான லொக்கேஷன் பின் கேளுங்க, சாட்டிலைட் வியூவுல போட்டு பக்கத்து மனை காலியா கெடக்கான்னு பாருங்க. சாங்கு பக்கம் காலி மனைன்னா நாளைக்கே அங்க கட்டடம் எழும்பும், காலைல எட்டு மணிக்கு கான்கிரீட் மிஷின் ஓட ஆரம்பிச்சிரும். வயல் பாத்த வில்லான்னு அஞ்சு வருஷத்துக்கு முந்தி எடுத்த போட்டோவ போட்டிருப்பாங்க, நாஞ்சில் நாட்டு வயலெல்லாம் பிளாட்டு ஆனத கண்ட நமக்கு இத சொல்லித் தரணுமா. ரிவ்யூ படிச்சா கடைசி மூணு மாசத்து ரிவ்யூவ மட்டும் படிங்க, அதுல சத்தம், கட்டட வேலைன்னு ஒருத்தர் எழுதியிருந்தாலும் விட்டுட்டு அடுத்தத பாருங்க.

அடுத்தது பில்லு. பாலில ரேட்டுக்குப் பின்னால ரெண்டு பிளஸ் குறி போட்டிருந்தா சர்வீஸ் சார்ஜும் வரியும் தனின்னு அர்த்தம், பொதுவா சேத்து 21% ஏறும். ஒரு நாளைக்கு பத்தாயிரம்னு நெனச்சு போனா பன்னெண்டாயிரத்து நூறு. இது போக ஏர்போர்ட்டுல இறங்கும்போதே விசா ஆன் அரைவலுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபியா (இந்தோனேசியா பணம், நம்ம ரூபா இல்ல), 2024 பிப்ரவரியில இருந்து டூரிஸ்ட் வரி ஆளுக்கு 1.5 லட்சம் ரூபியா, பிள்ளைகளுக்கும் உண்டு. நாலு பேர் போனா வில்லா கதவத் தெறக்குததுக்கு முன்னாடியே 26 லட்சம் ரூபியா காலி. பூஜ்யத்த பாத்து தல சுத்தும், அதனால டெபாசிட் எவ்வளவு, ரூபியாவா டாலரான்னு முதல்லயே எழுதி வாங்கிக்கிடுங்க.

கரண்டு காரியம் பல பேருக்கு தெரியாது. ரெண்டு மூணு நாள் தங்குத வில்லாவுல பெரும்பாலும் கரண்டு வாடகையிலயே சேந்திருக்கும், ஆனா வாரக்கணக்குல எடுக்குத சல்லிசான வில்லாவுல ப்ரீபெய்டு மீட்டர் இருக்கும். நம்ம போன் ரீசார்ஜ் மாதிரி டோக்கன் வாங்கணும், 20 இலக்க நம்பர் வரும், அத மீட்டர்ல ஒண்ணொண்ணா அமுக்கணும். பேலன்ஸ் கொறஞ்சா மீட்டர் பீப் பீப்னு கத்த ஆரம்பிக்கும், அது நேரங்காலம் பாக்காது, ராத்திரி ரெண்டு மணின்னாலும் கத்தும், கவனிக்கலன்னா ஏசி, பூல் மோட்டர் எல்லாம் சேந்து நின்னுரும். கரண்டு யாரு கணக்குன்னு ஒரு வரி கேட்டா தீந்தது, ஆனா பூல்ல பூ மிதக்க விடுவீங்களான்னு கேக்குதவங்க இத கேக்க மாட்டாங்க.

குடும்பமா போறவங்க வீட்டோட அமைப்ப நல்லா பாத்துக்கிடணும். மூணு பெட்ரூம்னா நம்ம வீடு மாதிரி ஒரே கூரைக்கு கீழ இருக்கும்னு நெனைப்போம், பாலில ஒவ்வொரு ரூமும் தோட்டத்துல தனித்தனியா நிக்கும், நடுவுல பூல், மழை பெஞ்சா ஆச்சி சாப்பிட வரதுக்கு கொடை புடிச்சு ஈரக் கல்லுல நடந்து வரணும். ஹாலும் அடுக்களையும் சொவரே இல்லாம தெறந்து கெடக்கும், போட்டோவுல பாக்க அழகுதான், ஆனா அங்க ஏசி போட முடியாது, கொசு வரும், பாலில டெங்கு உண்டு, அந்தக் கொசு பகல்லயே கடிக்கும். பாத்ரூமுக்கு பாதி கூரைதான் இருக்கும் சில இடத்துல. சின்னஞ்சிறுசுக ஜோடியா போனா இதெல்லாம் ரசிக்கலாம், முட்டு வலிக்காரங்க இருந்தா மூடுன ஹால் இருக்கான்னு கேட்டு எடுங்க. அடுப்பு சில இடத்துல சின்ன கேஸ் கேன் மாட்டுததா இருக்கும், ஒரு நேரம் பத்து பேருக்கு சோறு வச்சு மீன் பொரிக்க அது தாங்காது. பைப்புத் தண்ணி குடிக்கப்பிடாது, பெரிய கேன் தண்ணி வச்சிருப்பாங்களான்னு கேட்டுருங்க.

இனி பூலு. வெளையாட்டு இல்ல மக்கா, இத கொஞ்சம் நிதானமா படிங்க. ஹோட்டல் பூல்ல ஆளு நிக்கும், போர்டு இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு தனியா இருக்கும். வில்லா பூல்ல இது ஒண்ணும் கெடையாது, வேலி கெடையாது, பெட்ரூம் கண்ணாடிக் கதவ இழுத்தா நாலு எட்டுல தண்ணி. ஆழமும் நம்ம குளத்துப் படி மாதிரி கொஞ்சம் கொஞ்சமா எறங்காது, பல பூல்ல ஒரு மூலையில மட்டும் ரெண்டு படி, மத்த மூணு பக்கமும் நேரா ஒண்ணரை மீட்டர். நாம தாமிரபரணி ஆத்துல குதிச்சு வளந்தவங்க, நமக்கு பயம் இல்ல, ஆனா துபாய் பிளாட்டுல வளந்த நம்ம பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது, பெரியவங்க அஞ்சாறு பேரு சுத்தி இருந்தா ஒருத்தர ஒருத்தர் நம்பி யாரும் பாக்காமப் போறது உண்டு. ஆழம் எவ்வளவு, கதவுக்கு மேல் கொண்டி இருக்கான்னு கேளுங்க. பாலில கழட்டி மாட்டுத பூல் வேலி வாடகைக்கு கெடைக்கும், முன்கூட்டியே சொன்னா வில்லாக்காரங்களே ஏற்பாடு பண்ணித் தருவாங்க, வேண்டாம்னு விட்டுறாதீங்க. வேலி போட்டாலும் பெரியவங்கள்ல ஒருத்தர் மொறை வச்சு போனத் தூக்காம ஒக்காரணும்.

இன்னொண்ணு, எண்ணெய் தேச்சு பூல்ல எறங்காதீங்க. சிரிக்காதீங்க, நடக்குத காரியம்தான். ஆறு மீட்டர் நீளம், மூணு மீட்டர் அகலம், ஒண்ணே கால் மீட்டர் ஆழம்னு வச்சா மொத்தமே இருபத்திரண்டாயிரத்து ஐநூறு லிட்டர் தண்ணி, அதுல ரெண்டு பேரு தேங்காண்ணெய் தலையோட முங்குனா மேல எண்ணெய்ப் படலம் கட்டி ஃபில்டர் அடைஞ்சிரும், சுத்தம் பண்ணுத காசு டெபாசிட்டுல புடிப்பாங்க. உபுத் பக்கம் மரத்தடி பூல்னா தண்ணி காலைல நல்லா குளுரும், சூடு பண்ணுத வசதி பெரும்பாலும் கெடையாது. பூல்ல கெடக்குதது மட்டுந்தான் ஆசைன்னா திருவனந்தபுரம் பக்கத்துல கெடக்குத பூவாறு போதும், பஸ்ஸுலயே போயிட்டு வந்துரலாம்.

மாலத்தீவு கதை வேற. அங்க ரிசார்ட்டுன்னா ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட், பக்கத்துக் கடை பரோட்டான்னு ஒண்ணும் கெடையாது, காலைல காப்பியில இருந்து ராத்திரி சோறு வர அவங்க ரேட்டுதான், அதனால ரூம் ரேட்ட மட்டும் பாத்து சல்லிசுன்னு குதிக்கப்பிடாது. 2025 ஜனவரியில இருந்து ரிசார்ட்டுல கிரீன் டாக்ஸ்னு சுற்றுச்சூழல் வரி ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், ஜோடியா நாலு ராத்திரின்னா 96 டாலர். அந்த வருஷம் ஜூலையில இருந்து சுற்றுலா ஜிஎஸ்டி 17%, அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் 10%. இத விட பெரிய அடி ஸீப்ளேன், அதாவது மாலேல இருந்து தூரத்து ரிசார்ட் தீவுக்கு கொண்டு போற, தண்ணியில எறங்குத குட்டி விமானம். வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் பறக்கும், சாயங்காலம் மாலேல எறங்குனா அன்னைக்கு ரிசார்ட்டுக்கு போக முடியாது, ஏர்போர்ட் பக்கத்து ஹுல்ஹுமாலேல ரூம் போட்டு தங்கணும், அங்க வில்லா வாடகையும் ஓடும். ஸ்பீடு போட்ல போற தீவ எடுத்தா இந்தத் தலவலி கொறையும். தண்ணி மேல நிக்குத வில்லாவுல சின்னப் பிள்ளைகள ஏத்த மாட்டோம்னு சொல்லுத ரிசார்ட் பல உண்டு. பெட்டியில மதுபாட்டில் கொண்டு போகப்பிடாது, கும்பிடுத சாமி சிலையும் கஸ்டம்ஸ்ல அனுமதி இல்ல, அம்மா பாசத்துல வச்ச குட்டிப் பிள்ளையார வீட்டுலயே விட்டுட்டுப் போங்க.

சீசன்ல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, பாலில நவம்பர்ல இருந்து மார்ச் வர மழை, கிறிஸ்மஸ், புத்தாண்டு நேரம் போக மத்த நாள்ல வாடகை கொறையும். மார்ச்ல போனா மட்டும் நியெபி, அதாவது பாலி இந்துக்களோட மௌனப் புத்தாண்டு, என்னைக்குன்னு பாத்துக்கிடுங்க, அந்த ஒரு நாள் முழுக்க ஏர்போர்ட்டே மூடிருவாங்க, வெளிய கால் வைக்கப்பிடாது, லைட்டு வெளிச்சம் வெளிய தெரியக்கூடாது, சாப்பாட்டுக்கு முந்துன நாளே வாங்கி வைக்கணும். ஸ்கூட்டர் எடுக்குத எண்ணம் இருந்தா இங்கயே ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட் எடுங்க, டூவீலருக்கும் சேத்து இருக்கணும், அது இல்லாம விழுந்தா டிராவல் இன்சூரன்ஸ் கை விரிச்சிரும்.

பைசா கெட்டுத எடத்துல ஒரு எச்சரிக்கை. ஆப்புல புக் பண்ணுன பெறகு வாட்ஸ்ஆப்புல வந்து "அத கேன்சல் பண்ணிட்டு நேரா அக்கவுண்ட்ல போடுங்க, 15% கொறச்சுத் தாரேன்"னு ஒருத்தன் சொன்னா அங்கயே நிறுத்திருங்க. அப்படி அனுப்புன பைசாவுக்கு ஆப்புக்காரன் பொறுப்பு ஏக்க மாட்டான், சிலதுல வில்லாவே வேற யாரோடதோவா இருக்கும். நேரடியா எடுத்துதான் ஆவணும்னா கேட்டுல இருந்து பூல் வர நடந்து காட்டச் சொல்லி வீடியோ கால் கேளுங்க, உண்மையான ஆளு அஞ்சு நிமிஷத்துல காட்டிருவான்.

எறங்குன உடனே நீங்களும் ஒரு வீடியோ எடுத்து வச்சுக்கிடுங்க, டவல், கண்ணாடி டம்ளர், சோபாவுல ஏற்கெனவே இருக்குத கறை, பூல் ஓரத்துல ஒடஞ்ச டைல்ஸ் எல்லாம் தேதியோட. கெளம்புத அன்னைக்கு செக்அவுட் பகல் பதினொண்ணு பன்னெண்டுக்குன்னு இருக்கும், பிளைட் ராத்திரியில இருந்தா பெட்டி வைக்க, குளிக்க எடம் தருவாங்களான்னு முந்துன நாளே கேட்டுருங்க. டெபாசிட்ட பணமா குடுத்திருந்தா டிரைவர் பெட்டிய கார்ல ஏத்துததுக்கு முன்னாடி கையில வாங்கி எண்ணிருங்க, பெறகு ஜிபேல போட்டுவிடுதேன்னு சொல்லுததுக்கு அங்க ஜிபே கெடையாது.