மோன்ராஷே: 8 ஹெக்டேர் தோட்டத்தை நின்னு பாத்து புரிஞ்சுக்கிறது எப்படி

மோன்ராஷே ஒயிட் வைனுக்கு ஏன் இவ்ளோ மவுசுனு கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான், முதல்ல அந்த சரிவுல போய் நில்லுங்க, பாட்டிலை அப்புறம் பாத்துக்கலாம். நான் பண்ணதை அப்படியே எழுதுறேன். மோன்ராஷேங்கிறது பிரான்ஸ்ல பர்கண்டிங்கிற பகுதியில, ஒரு சரிவுல இருக்கற திராட்சைத் தோட்டம், அங்க விளையறது ஷார்டனேங்கிற ஒயிட் வைன் திராட்சை.

ஸ்டெப் 1: பேரைப் பிரிச்சுப் படிங்க

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். லேபிள்ல புலினி-மோன்ராஷேனு பாத்ததும் அதுதான் மோன்ராஷேனு நம்பி வாங்கிட்டேன். அது கிராமத்தோட பேரு! 1879ல புலினி, ஷஸான்னு ரெண்டு கிராமமும் அந்தத் தோட்டத்துப் பேரை தங்க பேருக்குப் பின்னாடி சேத்துக்கிட்டாங்க. அசல் தோட்டம் மொத்தமே 8 ஹெக்டேர், நம்ம கணக்குல ஏறக்குறைய 20 ஏக்கர், அதுவும் ரெண்டு ஊருக்கும் பாதிப் பாதி. லேபிள்ல மோன்ராஷே, இல்லன்னா லெ மோன்ராஷேனு தனியா இருக்கணும், கூடவே கிராண்ட் க்ரூனு, அதாவது பர்கண்டியிலயே உச்ச தரத் தோட்டம்னு, இருக்கணும். முன்னாடி ஷெவாலியே, பத்தார்னு ஏதாவது ஒட்டியிருந்தா அது பக்கத்துத் தோட்டம், அதுவும் கிராண்ட் க்ரூதான்.

ஸ்டெப் 2: சைக்கிள் எடுங்க

போன் (Beaune)ங்கிற பக்கத்து ஊர்லேருந்து தோட்டங்களுக்கு நடுவுல சைக்கிள் பாதை இருக்கு, புலினி வழியா போகும். கார் வேண்டாம், கார்ல போனா சரிவு தெரியாது, கால்ல வலி வந்தாதான் தெரியும்.

ஸ்டெப் 3: ரோட்டுல நின்னு மேலயும் கீழயும் பாருங்க

சரிவுக்குக் குறுக்கே ஒரு ரோடு போகுது, அதுக்கு மேல மோன்ராஷே, கீழ பத்தார். மோன்ராஷேக்கும் மேல, புலினி பக்கத்துல, ஷெவாலியே. அங்க சரிவு ஜாஸ்தி, மண்ணு மெலிசு, கல்லுதான் நிறைய, அதனால வைன் நறுக்குனு மெலிசா இருக்கும். கீழ பத்தார்ல சரிவு அடங்கி களிமண் கூடி நிக்குது, வைனும் கனமா வரும். நடுவுல இருக்கற மோன்ராஷேக்கு ரெண்டுமே கிடைக்குது, தண்ணியும் தேங்காம வடிஞ்சிடும், காலை வெயிலும் நேரா விழும். இன்னும் கீழ புலினி ஊருக்குள்ள நிலத்தடி தண்ணி மேலயே நிக்கறதால ஆழமா நிலவறைகூட தோண்ட முடியாது, சில நூறு மீட்டர்ல இவ்ளோ வித்தியாசம்!

தோட்டத்துக்குள்ள கால் வைக்காதீங்க, கல்லும் எடுக்காதீங்க. பாதை ஓரத்துல கிடக்கற வெள்ளைக் கல்லு மேல ரெண்டு சொட்டு வினிகர் விட்டா பொடிப்பொடியா நுரைக்கும், சுண்ணாம்புக்கல் அது.

ஸ்டெப் 4: குடிக்கறப்போ

ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்து உடனே ஊத்தாதீங்க, 12லேருந்து 14 டிகிரி போதும். வாய் அகலமான பெரிய கிளாஸ்தான் என் சாய்ஸ், ஒல்லி கிளாஸ்ல வாசனை மூச்சு முட்டி நிக்குது. விலை கட்டுப்படியாகலன்னா புலினி கிராமத்து வைனையும் அதே ஊர் ப்ரீமியே க்ரூ (கிராண்ட் க்ரூக்கு அடுத்த தரம்) ஒண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடிச்சுப் பாருங்க, சரிவு நாக்குலயே தெரியும்.

அப்டேட்: கல்லு நுரைக்கலைனு ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க. வினிகர் வீக்கான ஆசிட், அதனால கல்லை ஆணியால சுரண்டி அந்தத் தூள் மேல விடுங்க. சத்தம் வேணும்னா காதைக் கிட்ட கொண்டு போங்க, சொர்ர்னு கேக்கும்.